முதல் மீன் தொட்டி: மீனுக்கு முன்னால் தண்ணீர்

புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் முதல் மாதத்திலேயே ஒவ்வொன்றாக மிதக்கும்போது, கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. தொட்டி, மணல், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி மீனை விட்டால் எந்த மீனும் தாங்காது. முதலில் தொட்டியை மட்டும் வாங்குங்கள். மீனுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம்.

கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி வாங்குங்கள். மணலும் மேல் இடைவெளியும் போக அதில் சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து எடை 60 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் டிவி ஸ்டாண்டின் மேல் வைக்காதீர்கள். மட்டமான, உறுதியான மேசையில் தெர்மாகோல் ஷீட் விரித்து, அதன் மேல் வையுங்கள். தளத்தில் சின்ன மேடுபள்ளம் இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் பாசிதான் வளரும். விளக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் எரிந்தால் போதும்.

மணல் எட்டு கிலோ போதும். கலங்கல் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசுங்கள், சோப்பு கூடாது. ஃபில்டருக்கு, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே இந்த அளவுக்குச் சரி. விலை குறைவு, குட்டி மீன்களை உறிஞ்சாது. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி வந்து பம்ப்புக்குள் இறங்கிவிடும். ஒயரையும் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி விட்டால், வழியும் சொட்டு பிளக் பாயின்ட்டுக்குப் போகாமல் தரையில் விழும்.

குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைச் சேர்க்கலாம், அல்லது அகலமான வாளியில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் ட்யூபின் முனையில் மாட்டும், காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு ஒரு நாள் விடலாம். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அதையும் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமாயிற்றே என்று அதை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். கப்பி, மோலி போன்ற மீன்களுக்குத் தண்ணீரில் உப்புச்சத்து தேவை.

இனி முக்கியமான வேலை. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா ஆகும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அதன் கெடுதல் குறைவு. இந்த பாக்டீரியாக்கள் தங்கும் வீடு ஸ்பாஞ்ச்தான். அவை பெருக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை 24 மணி நேரமும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தொட்டியில் போட்டுவாருங்கள். திரவ டெஸ்ட் கிட்டில் பார்த்தால் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிந்தால்தான் தொட்டி தயார். தெரிந்தவர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையலாம்.

போர் தண்ணீர்க்காரர்கள் இதில் அவசரப்படவே கூடாது. அந்தத் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பல இடங்களில் 8-ஐ ஒட்டி இருக்கும். பி.எச். 7-இல் இருக்கும் அதே அளவு அம்மோனியா, பி.எச். 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு கடுமையாகத் தாக்கும். சூடு கூடினால் இன்னும் மோசம்.

மீன் விஷயத்தில் உங்கள் தண்ணீர் சொல்வதைக் கேளுங்கள். உப்புச்சத்து கூடிய போர் தண்ணீருக்கு கப்பி, மோலி, பிளாட்டி. நியான் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டையும் மறந்துவிடலாம். கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் முதலில் ஐந்தாறு வாங்குங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலைந்து சேர்க்கலாம். பெண் கப்பி மாதத்துக்கொரு முறை குட்டி போடும். ஆணைப் பிரித்து வைத்தாலும் சில மாதங்களுக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை தன்னால் ஏறும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் ஃபிஷ் வேண்டாம். அது ஓரடிக்கு மேல் வளரும். ஏற்கெனவே இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

வாங்கிவந்த கவரை மூடியபடியே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சிங்க்குக்கு.

தீனி காலையும் மாலையும், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒருமுறை 10 முதல் 12 லிட்டர் தண்ணீரை ட்யூபால் அடிமணலிலிருந்து உறிஞ்சி எடுத்து, தயாராக வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலு தடவை பிழியுங்கள், காபி நிறத்தில் கசடு வரும். பளிச்சென்று ஆகும்வரை குழாயடியில் அலசினால் குளோரினில் பாக்டீரியா செத்து, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

மே மாதத்தில் மீன்கள் விடிகாலையில் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால் ஆக்சிஜன் பற்றவில்லை என்று அர்த்தம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்து வையுங்கள், ஓரிரண்டு டிகிரி இறங்கும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். நாள் முழுக்கக் காற்று நின்றால் மூச்சு முட்டுவது மீன் மட்டுமல்ல, ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவும்தான்.

துடுப்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கட்டும். அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம், அதாவது இந்தத் தொட்டிக்கு 90 கிராம் எடுத்து, தனியே கரைத்து, இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். கூடவே ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். மூன்றாம் நாளே புள்ளி மறைந்தாலும் நிறுத்தாதீர்கள். மீனை விட்டு உதிர்ந்த ஒட்டுண்ணி அடிமணலில் பெருகி மறுபடி நீந்தி வரும், அந்த நேரத்தில்தான் அதைக் கொல்ல முடியும். பத்து நாள் விடாமல் வைத்து, பிறகு வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது உப்பில்லாத தண்ணீரை ஊற்றிவந்தால் உப்பு தன்னால் குறைந்துவிடும்.