ஜூனியர் முடிந்த பிறகு முதல் ஏடிபி புள்ளி வரை: கையில் என்ன இருக்க வேண்டும், எப்படிப் போக வேண்டும்

பதினெட்டு வயது ஆகும் வருடத்தின் டிசம்பரோடு ஜூனியர் டென்னிஸ் முடிந்துவிடும். உலக ஜூனியர் தரவரிசையில் வருடக் கடைசியில் முதல் 20 பேருக்குள் இருந்தால் சேலஞ்சர் என்னும் நடுப்படிப் போட்டிகளில் உங்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்குவார்கள், அதற்குக் கீழே நல்ல இடத்தில் இருப்பவர்களுக்கு ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் கீழ்ப்படிப் போட்டிகளிலும் கொஞ்சம் இடம் உண்டு. மற்ற எல்லோரும் அடிமட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அக்கா மகனோடு இரண்டு வருடம் இந்தப் போட்டிகளுக்கு அலைந்திருக்கிறேன், முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஆறு மாதமும் நிறையப் பணமும் மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

முதலில் ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்குக் கீழ்ப்படி எம்15, அதாவது மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள போட்டி. அதற்கு மேல் எம்25, அப்புறம் சேலஞ்சர், அதற்கும் மேலேதான் நீங்கள் டிவியில் பார்க்கும் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) போட்டிகள். பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35 என்று தொடங்கி டபிள்யூ100 வரை போகும். எம்15 மெயின் டிராவில், அதாவது தகுதிச்சுற்றுக்கு அடுத்த முக்கியச் சுற்றுகளில், ஒரு மேட்ச் ஜெயித்தால் உலகத் தரவரிசைக்கான ஒரு ஏடிபி புள்ளி, கோப்பையை ஜெயித்தால் 15 புள்ளி. தகுதிச்சுற்றில் மூன்று மேட்ச் ஜெயித்து உள்ளே வந்து முதல் சுற்றில் தோற்றால் ஏடிபி புள்ளி ஒன்றுகூடக் கிடையாது, அதனால் அந்த முதல் புள்ளிக்கே பலருக்கு ஒரு வருடம் ஆகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெண்களுக்கு இன்னொரு விதி: மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் பத்துப் புள்ளியாவது சேர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) தரவரிசைப் பட்டியலில் பெயர் வரும். பதினெட்டு வயது ஆகாத பெண்கள் ஒரு வருடத்தில் இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று வயதுக்கு ஏற்ற வரம்பும் உண்டு, ஆகவே எங்கே ஆடுவது என்பதை யோசித்துச் செலவழியுங்கள்.

பெயர் பதிவதற்கு ஐடிஎஃபின் ஐபின் என்ற வீரர் அடையாள எண் வேண்டும். ஜூனியரில் ஆடியவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், புதுப்பித்தால் போதும். போட்டி தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முந்தைய வியாழன்தான் கடைசி நாள், கிரீன்விச் நேரம் மதியம் 2 மணி, நம் நேரத்துக்கு இரவு 7:30. நாங்கள் ஒரு வியாழன் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்து எட்டு மணிக்கு உட்கார்ந்தோம், பட்டியல் மூடியிருந்தது, அந்த வாரம் போச்சு. போனில் ஒவ்வொரு வியாழனும் 6 மணிக்கு அலாரம் வையுங்கள். அதேபோல விலக வேண்டுமென்றாலும் ஒரு கடைசி நாள் உண்டு, அதைத் தாண்டினால் அபராதம் வரும். இன்னொன்று, ஐடிஐஏ (டென்னிஸ் நேர்மைக்கான சர்வதேச அமைப்பு) நடத்தும் நேர்மைப் பாடத்தை ஆன்லைனில் முடித்திருக்க வேண்டும். அதைச் சும்மா கிளிக் செய்து தள்ளாமல் உட்கார்ந்து படியுங்கள். எந்த டென்னிஸ் மேட்ச்சிலும் நீங்கள் பந்தயம் கட்டக் கூடாது, நண்பன் கட்டுவதற்குத் தகவல் சொல்லவும் கூடாது. இருமல் மருந்தோ புரோட்டீன் பவுடரோ எதுவானாலும் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலைப் பார்க்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

சரி, பணம். இதை மூடி மறைத்துப் பேசுவதால்தான் பல வீடுகளில் மனக்கசப்பு வருகிறது. எம்15 முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர்தான், அதிலும் அந்த நாட்டு வரி பிடித்துக்கொண்டுதான் கைக்கு வரும். சாம்பியனுக்கே 2,160 டாலர்தான். விமான டிக்கெட், அறை, சாப்பாடு, ஸ்ட்ரிங் என்று போட்டுப் பாருங்கள், கோப்பை ஜெயித்த வாரத்தில்தான் கணக்கு நேராகும். 2023 செப்டம்பரில் சுமித் நாகல் இந்தியாவின் நம்பர் ஒன், அப்போது தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ அளவுதான் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த ஜனவரியில் தகுதிச்சுற்று ஆடி ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் போய் 31ஆம் சீட் புப்ளிக்கை வீழ்த்தினார், பிப்ரவரியில் நம் சென்னை சேலஞ்சரை ஜெயித்து முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். அந்த மனிதருக்கே அந்த நிலைமை என்றால், நீங்கள் முதல் இரண்டு வருடத்துக்கான செலவை முன்கூட்டியே எழுதிவைத்து, இந்தத் தொகை தீர்ந்தால் என்ன செய்வோம் என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசாமல் பையைத் தூக்கக் கூடாது.

செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, ஒரே ஊரில் வாரக்கணக்கில் தங்கி ஆடுவது. துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அந்தால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாதிரி இடங்களில் வாரத்துக்கு வாரம் தொடர்ந்து 15,000 டாலர் போட்டிகள் நடப்பது வழக்கம். ஒரு டிக்கெட்டில் போய் மூன்று அல்லது நான்கு வாரம் இருங்கள். முதல் வாரம் தோற்றாலும் கோர்ட்டும் பந்தும் வெயிலும் பழகிவிடும், இரண்டாம் வாரத்தில் ஆட்டம் சரியாக வரும். நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம், தொடர்ந்து தோற்கும் பையன் ஐந்தாவது வாரம் ஹோட்டல் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான், பார்த்திருக்கிறேன். இந்தியாவில் எம்15, எம்25 நடக்கும் வாரங்களை மட்டும் எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள், வீட்டுச் சாப்பாடும் விசா இல்லாத பயணமும் எவ்வளவு பெரிய வசதி என்பது ஒரு முறை வெளியே போய் வந்தால் புரியும். ஐரோப்பாவுக்குத் திட்டம் போட்டால் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதை நினைவில் வைத்து நாளை எண்ணுங்கள்.

எப்போதும் டபிள்ஸும் ஆடுங்கள். அறை வாடகையைப் பாதியாகப் பகிர ஒரு ஆள், பயிற்சிக்கு ஒரு ஆள், சிங்கிள்ஸில் திங்கட்கிழமையே தோற்றாலும் அந்த வாரத்தில் இன்னும் மேட்ச் மிச்சம்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் 200 மீட்டர் ரீல் வாங்கிக்கொள்ளுங்கள், பதினாறு ராக்கெட் வரை வரும், ஒவ்வொரு செட்டாக வாங்குவதைவிட மலிவு. குறைந்தது நான்கு ராக்கெட், நான்கும் ஒரே எடையில். ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்றுவேன் என்று இருக்காதீர்கள், பாலியெஸ்டர் அறுவதற்கு வெகு முன்பே இறுக்கம் இழந்துவிடும், அந்தச் செத்த ஸ்ட்ரிங்கில் பந்தை அடித்து அடித்துத்தான் பல பையன்களுக்கு முழங்கை வலி வருகிறது. உடம்பு என்றதும் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன்தான் நினைவுக்கு வருகிறார். முழங்கால் காயங்களால் இளமையில் பல வருடங்களை இழந்தவர், ஆனாலும் 2019இல் 29 வயதில் உலகத் தரவரிசையில் 75ஆம் இடம் வரை போனார். வலி இருந்தால் ஒரு மாதம் நிறுத்துங்கள், ஒரு மாதத்தில் தரவரிசை எங்கும் ஓடிவிடாது.

அமெரிக்கக் கல்லூரி வழியைத் தோல்வி என்று நினைக்கும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன, எனக்கு அதில் கோபமே உண்டு. மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில் முதல் முறையாக இறங்கி, தரவரிசையில் தன்னைவிட வெகு மேலே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்டில் வீழ்த்தினார், இந்தியா 3-1 என ஜெயித்தது. படிப்பு, கோச், ஜிம், வாரா வாரம் கடினமான மேட்ச் எல்லாம் உதவித்தொகையில் கிடைக்கும்போது, எம்15இல் சொந்தக் காசைக் கரைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரி அணிகளில் முன்னணியில் இருப்பவர்களுக்கும் சேலஞ்சர் இடங்கள் ஒதுக்குகிறார்கள். பரிசுப் பணம் எவ்வளவு வாங்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே இருப்பதால், வாங்கும் முன் அந்தக் கல்லூரி கோச்சுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ராம்குமார் ராமநாதன் 2017இல் அந்தால்யாவில் அப்போது உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவரான டொமினிக் தீமை வீழ்த்தினார். ஆனால் சிங்கிள்ஸில் முதல் சேலஞ்சர் பட்டம் 2021இல்தான், மனாமாவில், ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்ற பிறகு. இவ்வளவு காலம் ஆகலாம் என்று தெரிந்தே கிளம்புங்கள்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: ஒரு மேட்ச்சுக்கு எத்தனை ரூபாய் ஆனது, இரண்டாவது சர்வில் எத்தனை பாயிண்ட் போனது, எந்த நாள் உடம்பு அசந்தது. கோச்சிடம் அதைக் காட்டி, அதற்கு ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு, அடுத்த வியாழன் 7:30க்கு முன்னால் அடுத்த பதிவைப் போடுங்கள்.