ஆட்டோ அனலைசரில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு நாள் காலை, நான் வேலை பார்த்த லேபில், ரத்தச் சாம்பிளைத் தானாகவே பரிசோதித்து எண்ணைத் தரும் ஆட்டோ அனலைசரில், ஒரு சாம்பிளுக்கு பொட்டாசியம் 12.4, கால்சியம் 3.1 என்று வந்தது. உண்மையிலேயே அந்த அளவு இருந்தால் இதயம் நின்றுபோயிருக்கும். அந்த அம்மாவோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, "கேலிப்ரேஷன் போயிடுச்சுண்ணா" என்று, அதாவது அளவுத் திருத்தம் கெட்டுவிட்டதாகச் சொல்லி, மெஷினின் மூடியைத் திறக்கப் போனார். அதே சாம்பிளின் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியைப் பாருங்கள் என்றேன். அதுவும் தரையைத் தொட்டிருந்தது. ரத்தம் எடுத்தவரிடம் விசாரித்ததும் விஷயம் வெளியே வந்தது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை. அதனால் ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்.

ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் உப்பாகச் சேர்த்த ஈடிடிஏ என்ற வேதிப்பொருள். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. அல்கலைன் பாஸ்படேஸ் வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் அது விட்டுவைக்காது. பொட்டாசியம் ஏறி, கால்சியமும் அல்கலைன் பாஸ்படேஸும் சேர்ந்து இறங்கினால் முதலில் டியூபைச் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு பெரிய கலப்பு கண்ணில் பட்டுவிடும். எனக்குப் பயம் சின்னக் கலப்பைப் பற்றித்தான். ஊதா டியூபைக் குத்திய ஊசியால் அடுத்து சிவப்பைக் குத்தினால் பொட்டாசியம் 3.0 இருப்பவருக்கு 3.8 என்று வரலாம். பார்க்க நார்மல், யாரும் திரும்பப் போடச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுக்கும் சிவப்பு டியூப் முதலில், ஊதா பிறகு, சர்க்கரைக்கான சாம்பல் மூடி கடைசியில் என்ற வரிசையை மாற்றக்கூடாது.

டிரிப் ஏறும் கையிலேயே ரத்தம் எடுப்பதும் இதே வகைத் தவறுதான். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 5000 மில்லிகிராம் குளுக்கோஸ். சாம்பிளில் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே சர்க்கரை 500 கூடிவிடும், சோடியம் இறங்கிவிடும். அதை நம்பி இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மெஷின் பிறந்த கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த லெனார்ட் ஸ்கெக்ஸ், 1957இல் தன் தானியங்கி முறையை வெளியிட்டார். டெக்னிகான் நிறுவனம் அதை ஆட்டோ அனலைசர் என்ற பெயரில் விற்றது. அதற்கு முன்பே செயற்கைச் சிறுநீரக ஆராய்ச்சியில் இருந்தவர் அவர். அதே டயாலிசிஸ் சவ்வை இந்த மெஷினுக்குள்ளும் வைத்துப் புரதத்தைப் பிரித்தார். ஒரே குழாயில் சாம்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் முன்னது பின்னதோடு கலந்துவிடுமே? அதற்கு அவர் கண்ட வழி காற்றுக்குமிழி. ஓடும் திரவத்தைக் குமிழிகளால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு குமிழியும் குழாயின் சுவரைத் துடைத்துக்கொண்டே போகும். முந்தைய சாம்பிளின் எச்சம் பின்னால் வருவது பெரிதும் குறைந்தது.

அந்த எச்சம் இன்றைக்கும் நம்மை விட்டபாடில்லை. கேரி ஓவர் என்கிறோமே, அதுதான். செமி ஆட்டோ, அதாவது பாதி வேலையைக் கையால் செய்யும் மெஷின், வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். டயாலிசிஸ் நோயாளியின் யூரியாவைப் படித்த கையோடு அடுத்த சாம்பிளை, மெஷின் படிக்கும் சின்ன அறையான ஃப்ளோ செல்லுக்குள் இழுத்தால், முன்னதின் மிச்சம் அதில் ஏறும். அதிக அளவு வந்ததும் ஒருமுறை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அடுத்த சாம்பிளை இரண்டு தடவை படியுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைந்தால் கழுவியது போதவில்லை என்று அர்த்தம்.

ஸ்கெக்ஸுக்குக் கைகொடுத்த அதே குமிழி, இன்றைய மெஷினில் ரீஏஜென்ட் (சாம்பிளோடு சேர்க்கும் வேதிக்கரைசல்) பாட்டிலுக்குள் இருந்தால் தொல்லை. பாட்டிலைக் குலுக்கி வைத்தால் மேலே நுரை நிற்கும். உறிஞ்சும் ஊசியான பிரோப் கீழே இறங்கும்போது நுரையைத் தொட்டதும் திரவம் வந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே உறிஞ்சும். உள்ளே போவது பாதி காற்று. வைப்பதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுரை இருந்தால் சுத்தமான குச்சியின் நுனியால் எடுத்துவிடுங்கள். சரியாக உறையாத ரத்தத்தின் சீரமும் இதே மாதிரிதான். அரை மணி நேரம் காத்திருக்காமல் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் போட்டால், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் நூல் பிரோப்பில் மாட்டிக்கொள்ளும். சாம்பிள் குறைவாகப் போகும், அத்தனை ரிசல்ட்டும் இறங்கி வரும்.

இன்னொரு தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இது ஆளையே ஏமாற்றும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிப் பரிசோதனைகளில் மெஷின் பார்ப்பது, ரீஏஜென்ட்டில் இருக்கும் என்ஏடிஹெச் என்ற பொருள் தீரும் வேகத்தை. 340 நானோமீட்டர் ஒளியை என்ஏடிஹெச் உறிஞ்சும். நொதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக அது தீரும், உறிஞ்சும் அளவும் இறங்கும். கடுமையான மஞ்சள் காமாலையில் நொதி ஆயிரக்கணக்கில் இருந்தால், மெஷின் படிக்கத் தொடங்கும் முன்பே என்ஏடிஹெச் முழுவதும் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு மெஷின் பார்ப்பது ஒரு கிடைக்கோடு. மாற்றமே இல்லை என்று கணக்குப் போட்டு 12, 15 என்று நார்மல் மாதிரி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். கல்லீரல் கருகிக்கொண்டிருக்கும், ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 15 இருக்கும்.

நல்ல மெஷின் அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு ஃப்ளாக், அதாவது எச்சரிக்கைக் குறி, போடும். அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. பிலிருபின் 14 என்று சீரம் மஞ்சளாக நிற்கும்போது எஸ்ஜிபிடி சாதாரணமாக வந்தால், மெஷின் வரைந்த ரியாக்ஷன் கர்வைத் திறந்து பாருங்கள். ஆரம்பத்திலேயே அடித்தட்டில் கிடக்கிறதா? சலைனில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போட்டு, வந்ததைப் பத்தால் பெருக்குங்கள். 15 என்று வந்தது 3000 ஆக மாறுவதைப் பார்த்த பிறகு ஃப்ளாக்கைப் படிக்காமல் விட மனசே வராது. புரோலாக்டின், ஹெச்சிஜி போன்ற ஹார்மோன்களில் ஹூக் எஃபெக்ட் என்று வருவதும் கிட்டத்தட்ட இந்த வகை. அங்கே ஆன்டிஜென், அதாவது அளக்கப்படும் ஹார்மோன், அளவுக்கு மீறி இருப்பதால் ரிசல்ட் குறைந்து தெரியும், நீர்த்தால் உண்மை தெரியும்.

அப்புறம் க்யூசி, அதாவது தரக் கட்டுப்பாடு. அளவு முன்பே தெரிந்த சாம்பிளான கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே போனால் அதையே மூன்று, நான்கு தடவை ஓட்டி, உள்ளே வந்ததை மட்டும் எழுதிவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து இதை விடுங்கள். எல்லாம் சரியாக இருக்கும்போதே இருபதில் ஒன்று 2 எஸ்டிக்கு (எஸ்டி என்பது சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு) வெளியே விழும். ஆகவே அந்த ஒன்றைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். லெவியும் ஜென்னிங்ஸும் 1950இல் கொடுத்த சார்ட் தினமும் புள்ளி வைக்கத்தான். 1981இல் வெஸ்ட்கார்டு விதிகள் வந்தபோது எந்தப் புள்ளியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் தெளிவாகிவிட்டது. ஒன்று 3 எஸ்டியைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு ஒரே பக்கம் 2 எஸ்டியைத் தாண்டினாலோ ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். பத்து நாளாகப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கமாக நின்றால், அத்தனையும் எல்லைக்குள் இருந்தாலும், மெஷினின் விளக்கோ ரீஏஜென்ட்டோ தேய்ந்துகொண்டு வருகிறதா என்று பாருங்கள்.

க்யூசி வெளியே போவதற்குப் பாதி நேரம் காரணம் நம் கைதான். பொடியாக வரும் கன்ட்ரோலில் 5 மில்லி என்றால் சரியாக 5 மில்லி தண்ணீர் சேர்க்கவேண்டும், குலுக்காமல் மெல்லச் சுழற்றி அரை மணி வைக்கவேண்டும். சிரிஞ்சால் குத்துமதிப்பாக ஊற்றிவிட்டு மெஷினைத் திட்டிப் பயனில்லை. ஜெர்மனியின் மார்பூர்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்பவர், வாயால் உறிஞ்சும் குழாய்களோடு போராடி அலுத்துப்போய், பிஸ்டன் வைத்த மைக்ரோபிப்பெட்டை உருவாக்கினார். அதுவும் 1957தான். இன்று நம் கையில் இருப்பது அதன் வாரிசு. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்தவேண்டும், இரண்டாவது நிறுத்தம் வெளியே தள்ள மட்டும். அவசரத்தில் இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும், அது கண்ணுக்கும் தெரியாது.

சாம்பிளைத் தாமதமாகப் பிரிப்பதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நடக்கிறது. சாதா டியூபில் ரத்தம் அப்படியே கிடந்தால் அறை வெப்பத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். கலெக்ஷன் சென்டரிலிருந்து மூன்று மணி நேரம் பைக்கில் வரும் டியூபில் 140 இருந்தது 115 ஆகிவிடும். பொட்டாசியம் பார்க்கவேண்டிய டியூபை ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னும் மோசம். குளிரில் செல்லின் பம்ப் நின்று, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும்.

கடைசியாகத் தண்ணீர். பழைய ரீஏஜென்ட்டின் மிச்சத்தைப் புது பாட்டிலில் ஊற்றாதவர்கள்கூட தண்ணீர் கேனைக் கழுவாமல் நிரப்புகிறார்கள். கேனின் அடியைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பாக்டீரியா படிந்திருக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் காரணமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால், சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போடுவதற்கு முன்னால், அந்த வெறும் தண்ணீரையே ஒரு சாம்பிளாக வைத்து ஓட்டுங்கள். இரண்டும் பூஜ்யமாக வரவேண்டும்.