ஓஹியா மரத்தின் காயத்தில் என்ன பூஞ்சை? கேரட் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஹவாய்த் தீவுக் காட்டில் ஓர் ஓஹியா மரம் நின்றபடியே காய்ந்து, பழுப்பேறிய இலைகள் உதிராமல் கிளையிலேயே தொங்குகின்றனவா? உடனே கோடாலியைத் தூக்காதீர்கள். இது செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை வகையால் வரும் ‘ரேபிட் ஓஹியா டெத்’ (ஓஹியா மரத்தின் விரைவுச் சாவு) நோயாக இருக்கலாம். இந்த நோய் மரத்துக்குள் நுழைவதே காயம் வழியாகத்தான், ஒடிந்த கிளையோ, பன்றி உரித்த வேரோ, நாம் கழித்த கொம்போ, பூஞ்சைக்கு எல்லாமே வாசல்தான். அதனால் நல்ல மரத்தைச் சும்மா பார்க்கலாமே என்று கீறவே கூடாது. காட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, செத்துக்கொண்டிருக்கும் மரத்தில் மட்டும் கை வையுங்கள்.

உளி, கைக்கோடாலி இரண்டிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் தூளையும் தேய்த்து எடுத்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நன்றாக நனையுங்கள். அடுத்த மரத்துக்குப் போகும் முன் மறுபடியும் இதே வேலை. காலணியின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள்.

பட்டையைக் கொஞ்சம் நீக்கினால் வெளிறிய கட்டை தெரியும். அதில் கருத்த கோடுகள் ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. விழுந்த மரத்தைக் குறுக்கே அறுத்தால் அந்தக் கறை சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி விரிந்திருக்கும். கறையும் நல்ல கட்டையும் சந்திக்கிற ஓரத்தில் இரண்டு மூன்று சில்லு போதும், தனித்தனிப் பையில் போட்டு இடத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம்தான் கேரட். கழுவித் தோல் சீவி, தடிமனான வில்லைகளாக நறுக்கி, இரண்டு வில்லைக்கு நடுவே சில்லை வைத்து, ஈரத்தாளோடு பையில் மூடி அறை வெப்பத்தில் விடுங்கள். ஐந்தாறு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், லென்ஸில் பார்த்தால் குண்டூசித் தலையை விடச் சிறிய கருப்பு உருண்டைகள், ஒவ்வொன்றிலும் முடி போல நீண்ட கழுத்து, கழுத்தின் நுனியில் ஒரு வெளிர்மஞ்சள் துளி. அந்தத் துளி முழுக்க வித்துகள். இதைப் பார்த்துவிட்டால் செரட்டோசிஸ்டிஸ் என்று சொல்லலாம். ஒன்றும் வரவில்லை என்பதால் மரம் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள், காய்ந்துபோன கட்டை பல தடவை ஏமாற்றும்.

எந்த இனம் என்பதற்கு டிஎன்ஏ சோதனைதான் வழி. 2014-ல் பூஞ்சை பிடிபட்டபோது ஒன்றென்றே நினைத்தார்கள். 2018-ல் அது இரண்டு புதிய இனங்கள் என்று தெரிந்தது. அவற்றில் செரட்டோசிஸ்டிஸ் லுக்குஓஹியா என்பது லத்தீன் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்தது, மரம் முழுவதையும் வாட்டிவிடும். செரட்டோசிஸ்டிஸ் ஹூலிஓஹியா ஆசிய-ஆஸ்திரேலியக் கிளை, மெதுவாகப் பட்டைப் புண்ணாகப் பரவும். மைக்ரோசாட்டலைட் குறியீடுகளை (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை) வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் இனத்தின் மாதிரிகளும் தமக்குள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன, அதாவது அண்மையில் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். கேரட்டில் வந்த உருண்டைகள் பாலினப் பெருக்கத்தில் உருவாகிறவைதான், ஆனால் இந்தப் பூஞ்சை துணையில்லாமல் தன்னோடு தானே சேரும். எனவே உருண்டை நிறைய இருப்பதைப் பார்த்து மரபணுக் கலப்பு நடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். என்னை உறுத்துவது வேறு: இந்தப் பூஞ்சையின் வேறொரு மரபுவழி நாளைக்குத் தீவில் இறங்கினால், இன்று நோயைத் தாங்குகிறது என்று தேர்ந்தெடுக்கிற நாற்றுகளை முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும்.

செத்த மரத்தை இடம் மாற்றவே வேண்டாம். வண்டுகள் குடைந்து தள்ளும் மாவு போன்ற தூளில் உயிருள்ள வித்துகள் இருக்கும், காற்றிலேயே போகும். வேலை முடிந்த கேரட்டைக் குப்பையிலோ உரக்குழியிலோ போடாமல், பையோடு பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்த பிறகே தூக்கிப் போடுங்கள்.