வீட்டுத் தோட்டச் சொட்டுநீர்க் குழாய்களில் நீரோட்டத்தைச் சீராக்குதல்

நீர்த்தொட்டியை அடுத்துள்ள செடியின் அடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்க, குழாயின் கடைசியில் உள்ள செடி வாடி நிற்கும்போது, பெரும்பாலோர் முதலில் திருகுவது முதன்மைக் குழாயின் வால்வைத்தான். அதைக் குறுக்கினால் எல்லாச் சொட்டுவான்களுக்கும் (குழாயில் செருகி, செடியடியில் நீரைச் சொட்டவிடும் சிறு முனைகளுக்கும்) செல்லும் அழுத்தம் குறைந்து, ஏற்கெனவே நீர் எட்டாத கடைசிச் செடிக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கும். எனவே, எதையும் திருகுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

தோட்டக் குழாய் தொடங்கும் இடத்தில் வால்வை முழுவதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பாருங்கள். 60 விநாடிகள் என்றால் வரத்து மணிக்கு 600 லிட்டர். அதில் முக்கால் பங்கான 450 லிட்டரை மட்டும் கணக்கில் கொண்டால், மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் ஏறத்தாழ 110 வரை ஒரே நேரத்தில் இயங்கலாம். அதற்கு மேல் இருந்தால் தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்ச வேண்டும்.

அடுத்தது அழுத்தம். சாதாரணச் சொட்டுவான்களின் அளவு பெரும்பாலும் 1 பார் (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தத்துக்கே குறிக்கப்படுகிறது. அதற்கு நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டி நீர் 2.5 மீட்டர் உயரத்தில்தான் உள்ளதென்றால் அழுத்தம் கால் பங்காகவும், சொட்டும் அளவு ஏறத்தாழப் பாதியாகவும் இருக்கும். இது பழுதன்று, பாய்ச்சும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும். மாறாக, மோட்டாரின் அழுத்தம் மிகுதியாக இருந்தால், வடிகட்டிக்குப் பின் அழுத்தச் சீராக்கி ஒன்றைப் பொருத்துங்கள்; இல்லையெனில் இணைப்புகள் கழன்றுவிடக்கூடும்.

இனி, ஒரு வரிசையின் முதல், நடு, கடைசிச் சொட்டுவான்களின் கீழ் ஒரே அளவுள்ள பாத்திரங்களை 15 நிமிடம் வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான், உரிய அழுத்தத்தில், இந்நேரத்தில் 1 லிட்டர் தர வேண்டும். கடைசிப் பாத்திரத்தில் மிகக் குறைவாக இருந்தால், வடிகட்டியைக் கழுவி, வரிசையின் முனை மூடியைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். பல நேரங்களில் குறை இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், வரிசையின் ஒரு முனையில் அல்லாமல் நடுவில் நீரை விட்டால் இருபுறமும் தூரம் பாதியாகும். சரிவான நிலத்தில் பக்கக் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும்.

திருகி அளவை மாற்றும் சொட்டுவான்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் அதே வரிசையில் மற்றவற்றின் அளவும் மாறுகிறது. மிகுதியாக நீர் வேண்டும் செடிக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என ஒரே வகைச் சொட்டுவான்களைப் பொருத்துவதே நம்பகமானது. பால் வால்வை (ball valve, உள்ளே துளையுள்ள உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) திறக்கவும் மூடவும் மட்டும் பயன்படுத்துங்கள். பாதி திறந்த நிலையில் அதைச் சிறிது அசைத்தாலும் ஓட்டம் பெரிதும் மாறிவிடும்.

குறித்த நேரத்தில் வால்வைத் தானே திறந்து மூடும் டைமர் வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: சிலவகை மின் வால்வுகள் குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறப்பதில்லை. தொட்டி நீரை மட்டும் நம்பும் தோட்டத்துக்கு, அழுத்தமே இல்லாவிட்டாலும் இயங்கும் என்று குறிப்பிட்ட வால்வையே தேர்ந்தெடுங்கள்.