மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பையும் வருங்காலக் கணிப்பையும் மாவட்ட அளவில் வாசிப்பது எப்படி?

கிராம சபைத் தீர்மானத்திலோ மாவட்ட ஆட்சியருக்கான மனுவிலோ “எங்கள் பகுதியில் மாற்றுத்திறனாளிகள் இத்தனை பேர்” என்று எழுத நேரும்போது, குமரி மாவட்டத்தில் பலரும் ஒரு பெருக்கல் கணக்கில் வேலையை முடித்துவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. அவ்வாண்டில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் விகிதம் 1.64 சதவீதம், பெருக்கினால் ஏறத்தாழ 30,700 பேர். 2001-ஆம் ஆண்டின் மாநில விகிதமான 2.63 சதவீதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அதே மக்கள்தொகையிலிருந்து 49,200 பேர் கிடைப்பார்கள். இரண்டுமே மாநிலச் சராசரிகள்தாம்; மாவட்டத்தில் வீடு வீடாக எண்ணியதால் வந்த எண்கள் அல்ல. மாவட்ட வாரியான பட்டியலைக் கணக்கெடுப்புத் துறையே வெளியிட்டிருக்கும்போது இந்தப் பெருக்கல் தேவையற்றது.

பட்டியலைக் கையில் எடுத்த பிறகும், மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் வகைகளைப் பார்க்க வேண்டும். 2001-இல் தமிழ்நாட்டில் 16,42,497 ஆக இருந்த எண்ணிக்கை, மக்கள்தொகை கூடியிருந்தும், 2011-இல் 11,79,963 ஆகக் குறைந்தது. இதை முதலில் கண்டபோது நானும் நலத்திட்டங்களின் வெற்றி என்றே எண்ணினேன். பார்வைக் குறைபாட்டு வரிசையைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது: 2001-இல் 9,64,063 பேர், 2011-இல் 1,27,405 பேர். பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேருக்குப் பார்வை திரும்பிவிடவில்லை. ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ளவரை 2001-இல் பார்வைக் குறைபாடு உள்ளவராகச் சேர்த்தார்கள், 2011-இல் சேர்க்கவில்லை. பார்வை வரிசையை இரு ஆண்டுகளிலும் நீக்கிவிட்டுக் கூட்டினால் 6,78,434 என்பது 10,52,558 ஆக உயர்ந்திருப்பது தெரிகிறது; செவித்திறன் குறைபாடு மட்டும் 72,636-இலிருந்து 2,20,241 ஆகியிருக்கிறது. ஆக, மொத்தம் குறைந்தது என்பதும் உண்மை, பார்வை தவிர்த்த எண்ணிக்கை கூடியது என்பதும் உண்மை. இந்த உயர்விலும் வரையறையின் பங்கு உண்டு. 2001-இல் ஐந்தாக இருந்த வகைகள் 2011-இல் எட்டாயின. ‘பிற’ என்ற புது வரிசையில் மட்டும் 2,38,392 பேரும், ‘பலவகைக் குறைபாடு’ என்பதில் 92,796 பேரும் சென்று சேர்ந்தார்கள். ஆகவே இயக்கக் குறைபாடு 3,53,798-இலிருந்து 2,87,241 ஆனதை வைத்து, பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்படுவோர் குறைந்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட இயலாது.

அடுத்ததாக, கேட்கப்பட்ட கேள்வியையும் பதில் சொன்னவரையும் கவனிக்க வேண்டும். “வீட்டில் ஊனமுற்றவர் யாரேனும் உண்டா?” என்று குடும்பத் தலைவரிடம் கேட்டால், மனநலம் பாதிக்கப்பட்ட மகளைப் பற்றி, வரன் பார்க்கும் வீட்டில், ‘இல்லை’ என்ற பதிலே பெரும்பாலும் வரும். “கண்ணாடி அணிந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா?” என்று கேட்டு, இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே முடியாது என நான்கு பதில்களை முன்வைக்கும் முறையில் எண்ணிக்கை பன்மடங்கு உயரும். உலக சுகாதார நிறுவனம் உலக மக்களில் 16 சதவீதம் என்றும், 2018-இன் தேசிய மாதிரி ஆய்வு இந்தியாவில் 2.2 சதவீதம் என்றும் சொல்வதிலுள்ள இடைவெளியின் பெரும்பகுதி, சிரமத்தின் எந்த அளவிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதிலிருந்தே வருகிறது.

மாதிரி ஆய்வு என்றால் அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். 2018-இல் நாடு முழுவதும் சுமார் 1.18 லட்சம் வீடுகளில் விசாரித்தார்கள். நாட்டளவுக்கும் பெரிய மாநிலங்களுக்கும் இது போதும். அதையே ஒரு தாலுகா அளவுக்கு உடைத்தால், மிஞ்சுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எடுத்துக்காட்டாக, 400 பேரில் 8 பேர் என்றால் 2 சதவீதம். ஆனால் அதே ஊரில் வேறு 400 பேரைத் தேர்ந்திருந்தால் 3 பேரோ 13 பேரோ அகப்பட்டிருக்கலாம். எனவே விளவங்கோட்டில் 1.5 சதவீதம், தோவாளையில் 2.5 சதவீதம் என்று யாரேனும் இத்தகைய சிறு மாதிரியிலிருந்து காட்டினால், 6 பேருக்கும் 10 பேருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அவர் காட்டுகிறார்.

மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை பெற்றவர்களின் பதிவேடு வேறு வகையானது. மருத்துவக் குழுவின் முன் வந்து சேர முடிந்தவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. 2018 ஆய்வின்படி மாற்றுத்திறனாளிகளில் குறைபாட்டுச் சான்றிதழ் உள்ளவர்கள் 28.8 சதவீதமே. அது அகில இந்திய விகிதம் என்பதால், உங்கள் ஊராட்சியின் அட்டைதாரர் எண்ணிக்கையை அதனால் வகுத்து மொத்தம் காண முயல வேண்டாம்.

வருங்காலக் கணிப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. மழை முன்னறிவிப்பில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வந்தால், பேச்சிப்பாறையில் கொட்டும் மழை கன்னியாகுமரியில் தூறாமலும் போகலாம் என்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். வானிலைத் துறையின் வழக்கில் அச்சொல், மழை பதிவாகும் நிலையங்கள் கால் பங்குக்கு மேற்படா என்ற அளவைக் குறிக்கிறது. பரந்த பகுதிக்கான கணிப்பு ஒவ்வோர் ஊருக்கும் அப்படியே பொருந்தாது; மக்கள்தொகைக் கணிப்பையும் அதே நிதானத்தோடு வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் எனக் கணித்திருக்கிறார்கள். வயது ஏற ஏறக் குறைபாடு கூடுவதால், பழைய ஒற்றை விகிதத்தைப் புதிய மக்கள்தொகையோடு பெருக்குவது தேவையைக் குறைத்துக் காட்டும். கணக்குக்காக மட்டும், இளையோரில் 1.5 சதவீதம், முதியோரில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எந்த வயதினரின் விகிதமும் மாறாமலேயே, 2021-இல் 10,000 பேருக்கு 198 ஆக இருப்பது 2031-இல் 214 ஆகும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் மிகுந்த ஊர்களில், பெற்றோர் மட்டும் வீட்டில் இருப்பதால், இந்த ஏற்றம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

மனுவில் எழுதும்போது எண்ணுக்கு முன்பாகவே ஆண்டையும், எடுத்தவர் யார் என்பதையும், எந்த வரையறை என்பதையும் எழுதுங்கள். கணிப்பு என்றால் ஒற்றை எண்ணைத் தராமல், இத்தனை முதல் இத்தனை வரை என்று எல்லைகளைக் குறித்து, எந்த ஊகத்தில் கீழ் எல்லை, எந்த ஊகத்தில் மேல் எல்லை என்பதை அதே வரியில் சொல்லிவிடுங்கள்.