டெக்கலுக்கு அடியில் மினுங்கிய வெள்ளி

1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல். மங்கல் பெயின்ட் காய்ந்ததும் அவசரப்பட்டு இடது இறக்கையில் வட்டச் சின்ன டெக்கலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தால், அதன் ஓரமெல்லாம் மீன் செதிள்போல வெள்ளி மினுமினுப்பு. சொரசொரப்பான பெயின்டின் குழிகளில் காற்று சிக்கியிருந்தது, தப்பு என்னுடையதுதான்.

பிய்த்தெடுக்க மனம் வரவில்லை. மினுங்கிய இடங்களில் மெல்லிய ஊசியால் குத்தி, டெக்கலை இளக்கும் திரவத்தைத் தூரிகையால் தடவினேன். உடனே அது கிழவர் தோல்போலச் சுருங்கியது. வயிறு கலங்கியது, ஆனாலும் கை வைக்கவில்லை (அந்த நேரத்தில் தொட்டால் கிழிந்துவிடும்). காயக் காயத் தானே இழுபட்டு, இறக்கைத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடுகளுக்குள் படிந்தது. இரண்டாம் முறை தடவியதும் மினுக்கம் மறைந்தது.

வலது இறக்கைக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே டெக்கலைத் தண்ணீரில் போட்டேன். கடைசியில் முழு விமானத்துக்கும் ஒரு பூச்சு மங்கல் வார்னிஷ்.