பிள்ளை வாசிக்க, வீடு கேட்க: வாராந்தக் கல்விக் கடிதம் எழுதும் முறை

இலங்கையின் மலையகத்தில் கோட்டக் கல்விப் பணிப்பாளராகவோ அதிபராகவோ புதிதாகப் பொறுப்பேற்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: வாரந்தோறும் வீடுகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்றவள் நான். சுற்றுநிருபங்கள் அலுவலகக் கோப்போடு நின்றுவிடுவதால் எத்தனை பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எழுதும் முன்னர், அந்தக் கடிதம் எப்படி வாசிக்கப்படும் என்று யோசியுங்கள். அது பிள்ளையின் புத்தகப்பையில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போகும். அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை சத்தமாக வாசிக்கும். பல வீடுகளில் அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் கடை வேலையில். கேட்டுக்கொண்டிருப்பவர் அப்பாயியோ அம்மாயியோதான். ஆகவே உங்கள் கடிதத்தை வாசிப்பவர் தரம் ஐந்துப் பிள்ளை. காது கொடுப்பவர் நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்தவர். இருவருக்கும் பொருந்த வேண்டும். அச்சிடுவதற்கு முன் பக்கத்துப் பாடசாலையில் தரம் ஐந்தில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். “அன்பார்ந்த பெற்றோரே” என்று மட்டும் தொடங்காதீர்கள். “பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும்” என்று எழுதினால் அப்பாயியும் தனக்கு வந்த கடிதம் என்று எடுத்துக்கொள்வார்.

சுற்றுநிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டாம். இரண்டு முறை படியுங்கள், திகதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் “மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு இத்தால் அறியத்தருவது யாதெனில்” என்று கை தானாக ஓடிவிடும். தரம் ஒன்று அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

“அடுத்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்குமா? அப்படியானால் அடுத்த வருடம் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும். விண்ணப்பப் படிவம் பாடசாலையில் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் புதன்கிழமை பிற்பகலில் வாருங்கள், ஆசிரியர் ஒருவர் நிரப்பித் தருவார்.”

இதில் சுற்றுநிருப இலக்கம் இல்லை. வேண்டுமானால் அடியில் சிறிய எழுத்தில் போடுங்கள். யாருக்கு, என்ன, எங்கே, எப்போது, முடியாவிட்டால் யாரிடம் போவது என்ற ஐந்தும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஐந்தாவதைத்தான் அலுவலகங்கள் விட்டுவிடுகின்றன. எங்கள் மக்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான்.

கல்விக் கொள்கை பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். மூன்று வகையான செய்திகள் உங்கள் மேசைக்கு வரும். வர்த்தமானியாகவோ சுற்றுநிருபமாகவோ வந்துவிட்டது ஒன்று. அமைச்சர் பேசியது, பத்திரிகையில் வந்தது, ஆனால் இன்னும் முடிவாகாதது மற்றொன்று. மூன்றாவது ஊர்ப்பேச்சு. முதலாவதை “முடிவாகிவிட்டது” என்ற தலைப்பின் கீழும் இரண்டாவதை “பேசப்படுகிறது” என்ற தலைப்பின் கீழும் எழுதுங்கள். ஊர்ப்பேச்சு பெரிதாகிவிட்டால் மட்டும், அது உண்மையல்ல என்று ஒரு வரி போதும். இரண்டு தலைப்புகளையும் ஒருபோதும் கலக்காதீர்கள். பரீட்சை நிற்கப்போகிறதாம் என்ற பேச்சை நம்பிப் பிள்ளையின் படிப்பை விட்ட குடும்பம், அந்த வருடத்தைத் திரும்பப் பெற முடியாது.

முடிவானதை எழுதும்போதும், இந்தத் தோட்டத்துக்கு அதனால் என்ன என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது 5 வயது முதல் 14 வயது வரை என்றிருந்தது. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. இதைச் சட்டச் செய்தியாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். “தரம் ஒன்பதிலோ பத்திலோ பிள்ளையை நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பச் சொல்லி யாராவது வந்தால், 16 வயதுவரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம் என்று சொல்லுங்கள். வீட்டுக் கஷ்டம் காரணமென்றால் முதலில் அதிபரிடம் வாருங்கள்” என்று எழுதுங்கள். தரகர் வாசலில் நிற்கும்போது அந்தத் தாயின் கையில் பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தை இருக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் மாதத்துக்கு ஒரு முறையாவது எழுதுங்கள். மாகாணப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை நியமிப்பதும் இடமாற்றுவதும் மாகாணத்தின் கையில். தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். பாடத்திட்டம் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் வேலை, பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் வேலை, பரீட்சை பரீட்சைத் திணைக்களத்தின் வேலை. இது தெரியாததால் எங்கள் மக்கள் எல்லாக் குறைகளையும் அதிபரின் தலையிலோ தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரின் தலையிலோ போடுகிறார்கள், காலமும் போகிறது.

உங்கள் கோட்டத்தின் குறையை மறைக்காமல் எழுதுங்கள். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையின் பெயரை எழுதி, வலயக் கல்வி அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் கடிதம் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் அதே வரியை எழுதுங்கள். மேலிடத்துக்குப் பிடிக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிள்ளைக்கு ஆசிரியர் இல்லை என்பது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தெரிந்த விடயம். நீங்களும் அறிவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் முடிவு வரும் வாரத்தில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படத்தைப் போட எல்லோரும் சொல்வார்கள். போடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைகள் அவர்கள். ஒரே லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) இன்னொரு பிள்ளை அதே கடிதத்தைத் தன் அம்மாவுக்குச் சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கும். பரீட்சை எழுதிய எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, தரம் ஆறுக்கு எந்தப் பாடசாலைகளில் இடமுண்டு, எப்படி விண்ணப்பிப்பது என்று எழுதுங்கள். எந்த வாரத்திலும் பிள்ளையின் பெயர், நோய், குடும்பப் பிரச்சினை எதுவும் கடிதத்தில் வரக்கூடாது.

கூட்டத்துக்கு அழைப்பதானால் வேலை நாள் காலையைத் தவிருங்கள். வேலையை விட்டு வரும் தாய்க்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். கொழுந்து நிறுத்து முடிந்த பின்னரான நேரத்தைத் தோட்டத் தலைவரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் கேட்டுக் குறியுங்கள். பணம் தேவைப்படும் எதையும் சம்பளத்துக்கு முந்திய வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை மட்டும், வாராந்தக் கடிதம் போகும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுக்கிறது. நிறத்தை மட்டும் எழுதினால் போதாது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருந்து சுவர் வெடிப்பையும் ஊற்று நீர் கலங்குவதையும் கவனியுங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள் என்று எழுதுங்கள். எந்தப் பாடசாலைக்கு விடுமுறை, எது தங்கும் இடம், எந்தப் பாதையால் போகக்கூடாது என்பதையும் எழுதுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மழைக்காலத்தில் இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம். தோட்டத்தின் மேல் டிவிசன்களில் சில இடங்களில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு தாளின் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் அச்சிட்டு, பையில் ஒரு பிரதி, பகலில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஒன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒன்று, கோயில் சுவரில் ஒன்று ஒட்டுங்கள்.

தாளின் அடியில் வெட்டிக் கொடுக்கக்கூடிய ஒரு துண்டு விடுங்கள்: “என் கேள்வி”. பெயர் எழுதத் தேவையில்லை. வந்த கேள்விகளில் ஒன்றுக்காவது அடுத்த வாரக் கடிதத்தின் முதல் பந்தியில் பதில் எழுதுங்கள். எல்லாக் கடிதங்களையும் துண்டுகளையும் ஒரே கோப்பில் திகதி வரிசையில் வையுங்கள். உங்களுக்கு இடமாற்றம் வரும் நாளில், அலுவலகச் சாவியோடு அந்தக் கோப்பையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள்.